வாசலைப் பார்த்த சப்பாத்து

1

அம்மாவின் கடிதம் இந்த முறை இரண்டு தாள் கூடுதலாக இருந்தது. வழக்கமாக அவர் நீலத் தாளில் ஒரு பக்கம் எழுதுவார். கிணற்று நீர், கோயில், யார் யாருக்குக் காய்ச்சல் என்ற ஒழுங்கு ஒருபோதும் மாறாது. இந்தக் கடிதத்தில் கிணறும் இல்லை, கோயிலும் இல்லை. இப்படித் தொடங்கியது:

"பிள்ளை, போன வெள்ளிக்கிழமை எங்கட வீட்டுக்கு ஒரு கொரியாக்காரன் வந்தவன். புல்மோட்டையில கனிம மண் ஏத்த வந்த கப்பலில வேலையாம். கப்பலுகளுக்குக் காய்கறி குடுக்கிற கிண்ணியா முஸ்லிம் காக்காதான் கூட்டிக்கொண்டு வந்தவர். அவன் வாசலில சப்பாத்தைக் கழட்டினான். என்னைக் கதிரையில இருக்கச் சொன்னான். நான் இருந்த உடனை நிலத்தில விழுந்து கும்பிட்டான். நெத்தி சீமெந்தில முட்டினது. உனக்கு ஏதோ நடந்து, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறான் எண்டு நினைச்சிட்டன். காக்காதான் சொன்னார், 'பயப்புடாதீங்க அக்கா, இது அவங்கட மரியாத. ஒங்கட மகள் இரிக்கிற வூட்டுக்கார அம்மாட தங்கச்சி மகனாம்' எண்டு.

தேத்தண்ணி குடுத்தன். ரெண்டு கையாலயும் வாங்கி வைச்சிட்டு என்ர முகத்தையே பாத்துக்கொண்டிருந்தான். நான் குடிச்சாத்தான் அவன் குடிப்பானாம். எனக்கு அந்த நேரம் தேத்தண்ணி வேண்டாம். எண்டாலும் குடிச்சன். பிறகு ஒரு சின்னக் கொப்பி எடுத்தான். அப்பா எப்ப காலமானவர், என்ன வேலை செய்தவர், எத்தினை பிள்ளையள், நீ எத்தினையாவது, கடைசியா நீ பிறந்த திகதி, நேரம். எல்லாத்துக்கும் மறுமொழி குடுத்தன். இந்தக் கேள்வியள் எனக்குத் தெரியாத கேள்வியள் இல்லை. நீ அங்க கவனமா இரு."

கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். என் வீட்டுக்கு ஆள் அனுப்பப் போவதாக வீட்டுக்கார அம்மா எனக்கு ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. அன்று காலையிலும் அவர் எனக்குச் சோறு போட்டார், மீன் பொரித்து வைத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

2

நான் இங்கே வந்து இந்த வாரத்தோடு இரண்டு வருடம். திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு பட்டறையின் படவரை அறையில் நான்கு வருடம் இருந்தேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த எனக்கு அங்கே கிடைத்த வேலை, மற்றவர்கள் வரைந்ததன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பிரதியெடுப்பது. படத்தின் வலது மூலையில் 'வரைந்தவர்' என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் என் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிந்து விண்ணப்பித்தேன். கொரியாவின் தென்கோடியிலுள்ள பூசானில், கப்பல் திருத்தும் தளம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தேன். எட்டாவது மாதம், குழாய் ஒன்றின் வளைவைக் காட்டும் ஒரு சாதாரணப் படத்தின் மூலைக் கட்டத்தில் என் பெயரைக் கொரிய எழுத்தில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். இரண்டு முறை அழித்து எழுதினேன்.

பயிற்சி முடிந்ததும் தளம் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஆனால் பயிற்சிக் காலத்தோடு தளம் கொடுத்த உத்தரவாதமும் முடிந்துவிட்டது. இனி இந்த நாட்டில் வீடும் வேலையும் உள்ள தனியாள் ஒருவர் எனக்குப் பொறுப்பு நிற்க வேண்டும். வெளிநாட்டார் அலுவலகத்தில் நடந்த பேச்சை நம்முடைய ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். கொரிய மொழியிலும் மரியாதைக்குப் பல படிகள் உண்டு, ஆகையால் பெரிதாக ஒன்றும் குறையாது.

"அப்பா?"

"காலமாயிட்டார்."

"புருசன்?"

"நான் கலியாணம் முடிக்கேல்லை."

"தமையன்?"

"இல்லை."

"அப்ப உமக்கு ஆர் பொறுப்பு?"

"நான்தான்."

அலுவலர் படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "அதுக்குக் கட்டம் இல்லை."

முப்பது நாள் தந்தார். அதற்குள் ஒரு குடும்பத் தலைவரின் முத்திரை அந்தத் தாளில் விழாவிட்டால் நான் திரும்ப வேண்டும். திரும்பினால் பட்டறையில் என் மேசையில் இப்போது வேறொருவர் இருக்கிறார்.

3

இங்கே கையெழுத்துக்குப் பெறுமதி இல்லை. கொம்பில் பெயர் செதுக்கிய சிறு முத்திரை ஒன்று ஒவ்வொருவரிடமும் உண்டு. சிவப்பு மையில் தொட்டுக் குத்தினால்தான் சொன்ன சொல் சொல்லாகும். ஒரு வீட்டில் தகப்பன் இறந்தால் குடும்பத் தலைமை தாய்க்குப் போவதில்லை, மகனுக்குப் போகிறது. நான் குடியிருக்கும் வீட்டின் தலைவர் மின்ஹோ என்ற மகன். வயது இருபத்தெட்டு. தொலைபேசி நிலையத்தில் வேலை. முத்திரையில் இருப்பது அவருடைய பெயர். ஆனால் முத்திரை இருப்பது அவருடைய அம்மாவின் அலுமாரியில், பூட்டிய அலுமாரியின் திறப்பு இருப்பது அந்த அம்மாவின் இடுப்பில்.

அந்த அம்மாவுக்கென்று சொந்தப் பெயர் உண்டு. கலியாணத்தின் பின்னும் இங்கே பெண்கள் தகப்பன் வழிப் பெயரை மாற்றுவதில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அவரை அழைக்கிற ஒருவரையும் நான் இன்னும் காணவில்லை. எல்லாருக்கும் அவர் மின்ஹோ அம்மா. எனக்கும் அப்படியே. படிவத்தை இரண்டு கையாலும் நீட்டினேன். பார்த்தார், மடித்தார்.

"பாப்பம், பிள்ளை" என்றார்.

நம்மூரில் 'பாப்பம்' என்றால் என்னவென்று இந்தப் பத்திரிகையின் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரத்தில் நான் ஒரு கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்தவை:

அ. என் கடிதங்கள் வரும்போது தபால் தலையை உற்றுப் பார்க்கிறார்.
ஆ. மாதாந்த அயலவர் கூட்டத்துக்குப் போய்வந்த பிறகு என்னோடு ஒரு மணித்தியாலம் கதைக்கவில்லை.
இ. நானும் மின்ஹோவும் ஒரே நேரத்தில் குசினியில் நின்றால் அவருக்கும் அங்கே ஏதோ வேலை வந்துவிடுகிறது.
ஈ. வாசலில் நான் கழற்றிவிடும் சப்பாத்து, காலையில் வெளியே போகும் திசையைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு நாளும்.

கடைசியானதுதான் என்னை அரித்தது. முன்னெல்லாம் நான் விட்டபடியே வீட்டைப் பார்த்துக் கிடந்த சப்பாத்து, வசந்தம் தொடங்கியதிலிருந்து வாசலைப் பார்த்துக் கிடந்தது. வாயால் சொல்ல முடியாததைப் பொருளால் சொல்வது இந்த ஊர் நாகரிகம் என்று நினைத்தேன். 'புறப்படு' என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

இரண்டாவதற்கும், அயலவர் கூட்டம் என்னைச் சந்தேகிக்கிறது என்று, எனக்கு ஒரு விளக்கம் இருந்தது. எங்கள் தெரு முனையில், வட கொரிய உளவாளிகளாக இருக்கக்கூடியவர்களை எப்படி அடையாளம் காண்பது என்று ஒரு அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. பட்டியல் என்றால் நான் நின்று வாசிப்பேன். சேறு பட்ட சப்பாத்தோடு விடியக்காலையில் நடப்பவர், பஸ் கட்டணமும் சிகரெட் விலையும் தெரியாதவர், பிறநாட்டு வானொலியைச் சத்தம் குறைத்துக் கேட்பவர், துறைமுகத்தைப் படம் வரைபவர் என்று ஏழு இருந்தன. இலங்கை வானொலி பிடிக்குமா என்று சிற்றலையைத் திருகிக்கொண்டிருக்கிற, துறைமுகத்தில் படம் வரைகிற, சிகரெட் விலை தெரியாத நான் ஏழில் மூன்றுக்குப் பொருந்தினேன். மின்ஹோவிடம் இதைச் சொன்னேன்.

"நாலு" என்றார் அவர். "நேற்று மழையில உங்கட சப்பாத்திலயும் சேறு."

சிரிக்காமல் சொன்னார். அது பகிடியா எச்சரிக்கையா என்று எனக்கு விளங்கவில்லை. கொப்பியில் எதன் கீழ் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

4

அம்மா சொன்னது சரி. அவருக்குத் தெரியாத கேள்விகள் அல்ல அவை.

எனக்குப் பத்தொன்பது வயதில், மாமி மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை சல்லி என்ற கடற்கரை ஊரில், சொந்தமாக வள்ளம் உள்ள வீடு. மாமிக்குத் தானே போய் விசாரிக்க வெட்கம். அம்மா என்னையும் ஒரு பன்பையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். வழியில் எனக்குப் பாடம் சொன்னார்.

"நான் கதை குடுப்பன். நீ பாக்கவேண்டியது மூண்டு. குசினி எப்பிடி இருக்கெண்டு பார். மூத்த மருமகள் மாமியோட கதைக்கேக்க எங்க பாக்கிறாள் எண்டு பார். செத்த மனிசன்ர படத்துக்குப் பூ புதுசோ எண்டு பார்."

நாங்கள் கருவாடு வாங்க வந்தவர்கள்போல அந்த வீட்டு முற்றத்தில் காய்ந்த பாரைக் கருவாட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். தண்ணீர் கேட்டு நான் குசினிவரை போய் வந்தேன். மூன்றையும் பார்த்துவிட்டேன். புறப்படும்போது மாப்பிள்ளையின் தாய் கருவாட்டைச் சுற்றிக் கொடுத்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்:

"கருவாடு வாங்கவோ லிங்கநகரில இருந்து பஸ் ஏறி வந்தனீங்கள்?"

அம்மா பன்பையைத் திறந்து கருவாட்டை உள்ளே வைத்தார்.

"பொடியன் கடலுக்குப் போட்டான். நாளைக்கு வாங்கோ, அவனையும் பாத்திட்டுப் போகலாம். கருவாட்டை இண்டைக்கே கொண்டு போங்கோ, பழுதாப்போகாது."

திரும்பும் பஸ்ஸில் அம்மா சிரித்துக்கொண்டே வந்தார். "கெட்டிக்காரி. அந்த வீட்டுக்குக் குடுக்கலாம்" என்றார். குசினி, மருமகள், பூ மூன்றையும் அவர் என்னிடம் கேட்கவே இல்லை. கலியாணம் நடந்தது.

ஆகவே ஒரு கொரியாக்காரன் கொப்பியோடு வந்து பிறந்த நேரம் கேட்டால் அதன் அர்த்தம் என்னவென்று அம்மாவுக்கு விளங்க ஒரு நிமிடமும் செல்லாது. என் நிலையும் அதுதான். மின்ஹோ அம்மா என்னை மருமகளாக எடுக்கப் பார்க்கிறார், முத்திரையைத் தூண்டிலாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று முடிவு செய்தேன். அப்படியானால் சப்பாத்தை ஏன் வெளியே பார்த்து வைக்க வேண்டும்? இந்த ஒரு கேள்விதான் கணக்கில் உதைத்தது.

5

முப்பது நாளில் மூன்று நாள் மிச்சமிருந்த ஒரு ஞாயிறு காலை. மின்ஹோ வேலைக்குப் போயிருந்தார். மின்ஹோ அம்மா முள்ளங்கி அரிந்துகொண்டிருந்தார். நான் அம்மாவின் கடிதத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"என்ர வீட்டுக்கு ஆள் அனுப்பினனீங்களாம்."

அவர் கத்தியை வைக்கவில்லை. "அனுப்பினனான். உன்ர தாய் உயிரோட இருக்கேக்க, அவவைக் கேக்காமல் உனக்கு நான் எப்பிடிப் பொறுப்பு நிக்கிறது? நாளைக்கு அந்த மனிசி என்னைக் கேட்டால்?"

"அதுக்குப் பிறந்த நேரம் ஏன்?"

இப்போது கத்தியை வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு போய் அலுமாரியைத் திறந்து ஒரு சிறு கொப்பியை எடுத்து வந்தார். தங்கை மகன் விமானத் தபாலில் அனுப்பிய கொப்பி. எனக்கு வாசித்துக் காட்டினார். வாசலில் செருப்புகள் ஒழுங்காக இருந்தன. தகப்பனின் படத்துக்குப் புதுப் பூ இருந்தது. தாய் தானே தேத்தண்ணி ஊற்றினார், விருந்தாளி குடிக்கும்வரை எழும்பவில்லை. பூவைப் பற்றிக் கேட்டபோது எங்களுடைய சல்லிப் பயணத்தை அவன் எங்கே படித்தான் என்று தோன்றியது.

"நல்ல வீடு" என்றார் மின்ஹோ அம்மா. "அதுதான் பிரச்சினை. பிள்ளை, முத்திரையில இருக்கிறது என்ர பேர் இல்லை, என்ர மகன்ர பேர். கலியாணம் முடிக்காத பொடியன், கலியாணம் முடிக்காத பெட்டைக்குப் பொறுப்பு நிண்டால் இந்தத் தெரு என்ன சொல்லும்? அவன் ஒரே மகன். தகப்பனுக்கு வருசா வருசம் படையல் வைக்கிறது அவன்ர பெண்சாதி. எந்த முறையில எதை எங்க வைக்கிறதெண்டு தெரியாத ஒருத்தியை நான் எடுக்க ஏலாது. உன்னைக் குறைச்சுச் சொல்லேல்லை."

"நான் கேக்கேல்லையே."

"நீ கேக்கேல்லை. அதால, உங்கட ரெண்டு பேரின்ர பிறந்த நேரமும் ஒத்துப்போகாதெண்டு ஒரு ஆள் சொன்னால் நிம்மதியாக் குத்தலாம் எண்டு நினைச்சன். நேரம் பாக்கிற கிழவனிட்டக் கொண்டுபோனன்." அவர் மூச்சு விட்டார். "இப்பிடி ஒரு பொருத்தத்தைத் தான் பாத்ததே இல்லையாம். நாளைக்கே நாள் வைக்கட்டாம். நான் என்ன செய்ய? நீ வேற இடம் பார், பிள்ளை."

அவர் பயந்திருந்தார். நான் தூண்டில் என்று நினைத்தது வேலி. மூன்று நாளில் எனக்கு வேறு இடம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கொப்பி எங்களுக்கிடையில் திறந்தபடி கிடந்தது. அப்போதுதான் அதிலிருந்த திகதியைப் பார்த்தேன்.

அது என்னுடைய திகதி அல்ல.

பதிவு அட்டையில் இருக்கும் திகதி வேறு என்பது மின்ஹோ அம்மாவுக்கும் தெரியும். ஆனால் இங்கே எல்லாருக்கும் இரண்டு பிறந்தநாள், தாளில் ஒன்று, சந்திரக் கணக்கில் ஒன்று. தாய் சொன்னதே உண்மை என்று அவர் எடுத்துக்கொண்டார். எனக்கோ அந்தத் திகதி மனப்பாடம். ஒவ்வொரு வருடமும் அன்று பக்கத்து வீட்டிலிருந்து எங்களுக்குப் பாயசம் வரும். அது புவனேஸின் பிறந்தநாள். என் வயதுதான். அவளுடைய சாதகத்தை எட்டு வீட்டார் பார்த்துத் திருப்பிவிட்டார்கள். எதற்கும் பொருந்தாத சாதகம் என்று எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் தெரியும். அம்மா கொரியாக்காரனுக்கு அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார்.

தாய் சொன்னதைப் பொய் என்று சொல்லும் பிள்ளைக்கு இந்த நாட்டில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். நெற்றியை நிலத்தில் வைத்துக் கும்பிட்டவனிடம் சொன்ன பொய். சொல்லாவிட்டால் புதன்கிழமை என் மூலைக் கட்டம் போய்விடும்.

"இது என்ர நேரம் இல்லை" என்றேன். "அம்மா வேற ஒருத்தியின்ரயைக் குடுத்திட்டா."

"ஏன்?"

"உங்களை நம்பேல்லை. என்னைப் பொம்பிளை கேக்கிறீங்கள் எண்டு நினைச்சிட்டா. எங்கட ஊரிலயே பொருந்தாத சாதகத்தைத் தேடிக் குடுத்திருக்கிறா."

மின்ஹோ அம்மா கொப்பியை மறுபடி பார்த்தார். பிறகு சிரிப்பில் அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. சத்தம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நானெண்டாலும் அதைத்தான் செய்திருப்பன். ஆரின்ரை இது?"

"பக்கத்து வீட்டுப் பெட்டையின்ர. எட்டு வீட்டார் வேண்டாமெண்டவை."

"எட்டு வீட்டாருக்கும் கண் இல்லை." பென்சிலை என் பக்கம் தள்ளினார். "உன்ரையை எழுது. உண்மையானதை."

எழுதினேன். அவர் கொப்பியை மூடிவிட்டு, எழும்பாமல், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"வாசலில உன்ர சப்பாத்தை ஆர் திருப்பி வைக்கிறதெண்டு தெரியுமோ?"

"நீங்கள். என்னைப் போகச் சொல்லுறீங்கள் எண்டு நினைச்சன்."

"நல்லது" என்றார். "அப்பிடியே நினை." முள்ளங்கியை மறுபடி கையிலெடுத்தார். "இந்த வீட்டில முந்தி எனக்கு அப்பிடித் திருப்பி வைச்ச ஒரு ஆள் இருந்தவர். அவர்தான் மின்ஹோவின்ர தகப்பன், செத்துப் பன்னிரண்டு வருசம்."

6

திங்கள் மத்தியானம் அவர் கிழவனிடம் போய்வந்தார். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை, அவர் சொல்லவும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை, மின்ஹோவையும் என்னையும் இருத்தி, அலுமாரியைத் திறந்து முத்திரையை எடுத்தார். மின்ஹோ தாளை வாசித்தார். 'உறவு' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தாயைப் பார்த்தார்.

"வீட்டில இருக்கிற பிள்ளை எண்டு எழுது" என்றார் தாய்.

அப்படி ஒரு உறவு அலுவலகத்தில் செல்லுபடியாகுமா என்று எனக்குச் சந்தேகம். செல்லுபடியானது. புதன்கிழமை அட்டை கிடைத்தது.

அந்தச் சனிக்கிழமை மின்ஹோ தன் படுக்கையையும் புத்தகங்களையும் கட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டார். தொலைபேசி நிலையத்துக்கு அது கிட்ட என்றார் மின்ஹோ அம்மா. எனக்கு அளந்து பார்க்கும் பழக்கம். நகர வரைபடத்தை விரித்து அளவுகோலை வைத்தேன். பெரியம்மா வீடு நிலையத்திலிருந்து இந்த வீட்டைவிட இரண்டு பஸ் தரிப்பிடம் தூரம் கூட.

அதிலிருந்து கிழவன் இரண்டாம் முறை என்ன சொல்லியிருப்பான் என்று நான் கணித்துக்கொண்டேன். முத்திரையைக் குத்திவிட்டு மகனை அனுப்பிவிட்டார். என்னை அனுப்பவில்லை. இதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று இன்னும் தெரியவில்லை. கொப்பியின் பின்பக்கம் அப்படியே இருக்கிறது.

இப்போது காலையில் என் சப்பாத்து நான் விட்டபடியே வீட்டைப் பார்த்துக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மின்ஹோ தாயைப் பார்க்க வருகிறார், சாப்பிடுகிறார், கதைக்கிறார், போகிறார். போன ஞாயிறு அவர் போன பிறகு கதவைச் சாத்த வந்தேன். என் சப்பாத்து வாசலைப் பார்த்துக் கிடந்தது. பின்னால் நின்ற மின்ஹோ அம்மாவும் பார்த்தார். அவர் குசினிக்குப் போனார், நான் அதைத் திருப்பாமல் விட்டுவிட்டேன்.

அம்மாவின் அடுத்த கடிதத்தில் வழக்கம்போல் கிணறும் கோயிலும் திரும்ப வந்துவிட்டன. கடைசியில் ஒரு வரி: "முத்திரை குத்தினவள் எண்டு எழுதியிருந்தாய். சந்தோசம். ஏன் குத்தினவள் எண்டு விசாரி." நேரம் பொருந்தவில்லையாம், அதனால்தான் என்று பதில் எழுதினேன். இங்கே வந்து அம்மாவுக்கு எழுதிய முதல் பொய் அது.

இது வரும் இந்தப் பத்திரிகையை அம்மா வாங்குவதில்லை. வாங்குவது புவனேஸ். மத்தியானத்தில் வந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதும் அவள்தான். புவனேஸ், உன்னைக் கேட்காமல் உன் நேரத்தைக் கடல் தாண்டி அனுப்பியதற்கு எங்கள் வீட்டுக்காக மன்னிப்புக் கேட்கிறேன். இந்த ஊர்க் கிழவன் உன்னுடையதைப்போல ஒன்றைத் தான் பார்த்ததே இல்லை என்றான், அதை அம்மாவுக்கு இரண்டு முறை சத்தமாக வாசி. அந்தப் பொய்யையும் இரண்டு பஸ் தரிப்பிடத்தையும் போன ஞாயிற்றுக்கிழமையையும் மட்டும் விட்டுவிடு.